ஆர்கானிக் வந்தது, காய்கறி குறைந்தது

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 32. வீட்டில் கணவர், மாமியார், ஒன்பது மாதக் கைக்குழந்தை. கணவருக்கு 37 வயது. இரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுக்கிறார். குழந்தைக்கு இணை உணவு ஆரம்பித்த அன்றே, "இனி இந்த வீட்டுக்குள் விஷம் வரக் கூடாது" என்று முடிவு செய்து, அரிசி, பருப்பு, எண்ணெய், காய், சர்க்கரை, உப்பு வரை எல்லாவற்றையும் ஆர்கானிக் கடைக்கு மாற்றிவிட்டார். மாதம் 7,000 ரூபாயில் முடிந்த மளிகையும் காய்கறியும் இப்போது 12,500 ரூபாய் ஆகிறது. கட்டுப்படியாகாமல் காய்கறியை வாரத்துக்கு மூன்று கிலோவாகக் குறைத்துவிட்டார்கள். பழம் எப்போதாவதுதான். இருபது வருடமாக வாசலுக்கு வந்த கீரைக்கார அம்மாவை இனி வர வேண்டாம் என்று சொல்லியாயிற்று. "அந்தம்மா கொண்டாந்த கீரையத் தின்னுதானே ஒம் புருஷன் வளந்தான்" என்று மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார்.

இதற்கிடையே வாட்ஸ்அப் குழுவில் ஒருவரிடம் 'ஆர்கானிக் குழந்தைச் சத்துமாவு' வாங்கியிருக்கிறார். பிரித்ததுமே பூஞ்சை வாடை. கேட்டால், "பிரிசர்வேட்டிவ் போடாததால அப்படித்தான் இருக்கும்" என்று பதில். பணம் திரும்ப வரவில்லை. 'ஆர்கானிக் என்பதே ஏமாற்று' என்று அண்ணன் சொல்ல, வாசகிக்கு இப்போது எதை நம்புவது என்றே தெரியவில்லை. எந்த முத்திரையைப் பார்த்து வாங்குவது, பக்கத்துத் தோட்டங்களில் விளையும் ஊர்க்காய் எல்லாம் விஷம்தானா, ஆர்கானிக் அரிசிக்கும் நாட்டுச் சர்க்கரைக்கும் மாறிவிட்ட கணவரின் மாத்திரையைக் குறைக்கலாமா, சத்துமாவுப் பணத்தை வாங்க வழி உண்டா என்று கேட்கிறார். கடிதத்தின் ஓரத்தில், "குழந்தைக்குத் தினமும் ஒரு சொட்டு ஆர்கானிக் மலைத்தேன் நாக்கில் தடவுகிறோம். வேறு இனிப்பே கொடுப்பதில்லை" என்று பெருமையாக ஒரு வரி.

அன்புள்ள சகோதரி,

அந்த ஓர வரியிலிருந்தே தொடங்குகிறேன். மற்றதெல்லாம் ஒரு வாரம் காத்திருக்கும், இது காத்திருக்காது.

இன்றைக்கே நிறுத்த வேண்டியவை

ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. ஒரு சொட்டும் கூடாது. கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் தேனில் இருக்கலாம். நம் குடல் அவற்றைச் சமாளித்து வெளியேற்றிவிடும். சிசுவின் குடலில் அவை முளைத்து, தசைகளைத் தளரச் செய்யும் நச்சை உண்டாக்கக்கூடும். அரிதான நோய்தான், வந்துவிட்டால் மூச்சுவிட முடியாத நிலைவரை கொண்டுபோகும். மலைத்தேன், கொம்புத்தேன், ஆர்கானிக் தேன் எதற்கும் விலக்கு இல்லை. வித்துகள் பூவிலிருந்தும் மண்ணிலிருந்தும் வருபவை. பூச்சிமருந்து அடித்தார்களா இல்லையா என்பதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. வீட்டில் சூடாக்கினாலும் சாகாது. இதுவரை கொடுத்துவிட்டோமே என்று பதற வேண்டாம், இன்றோடு நிறுத்துங்கள். குழந்தைக்குத் திடீரென்று மலச்சிக்கல், பால் குடிக்கத் தெம்பில்லாமை, அழுகைச் சத்தம் மெலிவது, கழுத்து துவள்வது இவற்றில் எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். தேன் கொடுத்த விஷயத்தை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

அடுத்தது உங்கள் கணவர். ஆர்கானிக்குக்கு மாறியபின் அவருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (எச்.பி.ஏ.1.சி.) 7.1-லிருந்து 8-க்கு ஏறியிருப்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அதை 'பழைய உணவின் நச்சு வெளியேறுகிறது' என்று புரிந்துகொண்டிருக்கிறீர்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. சர்க்கரை அதிகமாகப் போகிறது, அவ்வளவே. காபிக்கு இரண்டு கரண்டி நாட்டுச் சர்க்கரை, நாளைக்கு மூன்று காபி என்றால் ஆறு தேக்கரண்டி, ஏறக்குறைய 30 கிராம். வெள்ளைச் சர்க்கரை போட்டபோது பயந்து அரைக் கரண்டியோடு நிறுத்தியவர், ஆர்கானிக் என்றதும் தாராளமாகிவிட்டார். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றிலும் பெரும்பங்கு சுக்ரோஸ்தான். அதிலிருக்கும் இரும்பும் மற்ற தாதுக்களும் உண்மை. ஆனால் ஆறு கரண்டியில் கிடைப்பது சொற்பம். கரும்பை எந்த உரம் போட்டு வளர்த்தார்கள் என்று கணையத்துக்குத் தெரியாது.

அவர் மாறியிருக்கும் கருப்புக் கவுனி அரிசியும் அப்படித்தான். தவிட்டோடு இருப்பதால் தீட்டிய பொன்னியைவிட நார் அதிகம், சர்க்கரை சற்று மெதுவாக ஏறும். அந்த நன்மை ஒரு கப் சோற்றுக்கு. 'நல்ல அரிசிதானே' என்று தட்டு நிறையப் போட்டால் அந்த நன்மையும் போயிற்று. மாத்திரையைக் குறைக்கும் பேச்சே இப்போது வேண்டாம். அந்த 8 என்ற எண்ணோடு மருத்துவரைப் பாருங்கள். அவர் கூட்டச் சொன்னாலும் வியப்பில்லை.

உப்பு விஷயம் ஒன்று. 'ஆர்கானிக் இந்துப்பு' என்று வாங்குகிறீர்கள். உப்பு வயலில் விளையும் பயிர் இல்லை, கனிமம். அதற்கு இயற்கை வேளாண் சான்று என்று ஒன்று இருக்கவே முடியாது. கடைகளில் விற்கும் இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் கலந்திருக்காது. பால் கொடுக்கும் தாய்க்கு அயோடின் மற்றவர்களைவிட அதிகம் வேண்டும், ஏனென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கான அயோடின் உங்கள் பால் வழியாகத்தான் போகிறது. அயோடின் கலந்த சாதாரண உப்புக்கே திரும்பிவிடுங்கள். இதில் பணமும் மிச்சம். குழந்தையின் கிண்ணத்தில் மட்டும் ஒரு வயதுவரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

முத்திரை எதைச் சொல்கிறது

இப்போது உங்கள் முதல் கேள்வி. அண்ணன் சொல்வதுபோல எல்லாமே ஏமாற்று இல்லை. இந்தியாவில் இதற்கு ஒழுங்கான சட்டம் இருக்கிறது. பொருளை இயற்கை வேளாண் விளைச்சல் என்று சொல்லி விற்க வேண்டுமானால் இரண்டு சான்று முறைகளில் ஒன்றுக்குள் வர வேண்டும் (நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்கு மட்டும் ஒரு விலக்கு உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்). ஒன்று, 2001-லிருந்து நடக்கும் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். அபேடா என்ற ஏற்றுமதி வளர்ச்சி ஆணையம் நடத்துவது. இதில் அங்கீகாரம் பெற்ற நிறுவனம் வயலுக்கு வந்து ஆய்வு செய்யும். நம் மாநிலத்தில் அரசின் சான்றளிப்புத் துறையே கோயம்புத்தூரைத் தலைமையிடமாக வைத்து இதைச் செய்கிறது. 'இந்தியா ஆர்கானிக்' முத்திரை இந்த வழியில் வருவது. இன்னொன்று பி.ஜி.எஸ்.-இந்தியா. பக்கத்துப் பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை ஒருவர் பார்த்துச் சான்று தரும் முறை. சிறு விவசாயிக்குச் செலவு குறைவு. இதில் 'கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது. 'ஆர்கானிக்' என்றிருந்தால் மாறி முடிந்தது.

2017-ல் மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் (எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.) இந்த இரண்டையும் சேர்த்து ஒழுங்குமுறை வெளியிட்டது. 2018 ஜூலை 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 'ஜைவிக் பாரத்' என்ற பச்சை வட்ட முத்திரை அப்போது வந்ததுதான். முத்திரைகளின் படம் காலத்துக்குக் காலம் மாறும், அச்சகத்தில் யார் வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளவும் முடியும். ஆகவே படத்தைவிட அதன் பக்கத்தில் இருக்கும் சான்று எண்ணையும், சான்று கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் பாருங்கள். அவை இல்லாத பச்சை இலைப் படம் வெறும் அலங்காரம்.

நீங்கள் அனுப்பிய ஏழு பாக்கெட் புகைப்படங்களில் இரண்டில்தான் சான்று எண் இருக்கிறது. மூன்றில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் மட்டும். அந்த 14 இலக்க எண்ணைத்தான் ஆர்கானிக் சான்று என்று நினைத்திருக்கிறீர்கள். அது உணவு வியாபாரம் செய்வதற்கான உரிம எண். மிக்சர் பாக்கெட்டிலும் இருக்கும், கோலா பாட்டிலிலும் இருக்கும். இன்னொரு பாக்கெட்டில் அமெரிக்க அரசின் ஆர்கானிக் முத்திரை மட்டும் தனியாக இருக்கிறது. இங்கே விற்கும் துவரம்பருப்பு பாக்கெட்டுக்கு அது மட்டும் போதாது. கடைசிப் பாக்கெட்டில் 'நேச்சுரல்', 'கெமிக்கல் ஃப்ரீ', 'பாரம்பரியம்' என்று மூன்று சொற்கள், எண் ஒன்றுகூட இல்லை.

சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் குழப்பம் பாதி தீரும். மாப்பிள்ளைச் சம்பா என்பது விதையின் பெயர். அதையும் யூரியா போட்டு விளைவிக்க முடியும். மரச்செக்கு என்பது ஆட்டும் முறை. செக்குக்குள் போன கடலை எப்படி விளைந்தது என்று செக்கு சொல்லாது. நாட்டுக்கோழி முட்டை என்பது கோழியின் இனம். ஓடு பழுப்பாக இருப்பதும் இனத்தால்தான், மஞ்சள் கரு கருத்திருப்பது தீவனத்தால். ஆப்பிளில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் எண் 9-ல் தொடங்கினால் ஆர்கானிக் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அது கடைக்காரர் பில் போடும் வசதிக்காக வந்த எண். விருப்பப்பட்டவர் ஒட்டுவது, இங்கே அது சான்று ஆகாது.

இயற்கை வேளாண்மை என்ற பேச்சைத் தமிழகத்தில் வீடுவீடாகக் கொண்டுசேர்த்தவர் நம்மாழ்வார். அவர் பேசியதில் பெரும்பகுதி மண்ணைப் பற்றியும் விவசாயியின் கடனைப் பற்றியும்தான். கடை அலமாரிக்கு வந்துசேர்ந்தபோது அதெல்லாம் உதிர்ந்துபோய், 'இதைச் சாப்பிட்டால் நோய் போகும்' என்பது மட்டும் ஒட்டிக்கொண்டது. அதற்கு முத்திரை பொறுப்பில்லை. முத்திரை சொல்வது ஒன்றைத்தான்: செயற்கை உரமும் செயற்கைப் பூச்சிமருந்தும் மரபணு மாற்றிய விதையும் இல்லாமல் இது விளைந்தது, அதற்காக அந்த நிலம் ஆண்டுப் பயிர் என்றால் குறைந்தது இரண்டு ஆண்டு, வாழை, மா போன்ற பல்லாண்டுப் பயிர் என்றால் மூன்று ஆண்டு மாற்றத்தில் இருந்திருக்கிறது. 'மருந்தே அடிக்காதது' என்றுகூட அதற்கு அர்த்தம் இல்லை. வேப்பெண்ணெய் அடிப்பார்கள், பஞ்சகவ்யம் தெளிப்பார்கள், செம்புக் கலவைக்குக்கூட கட்டுப்பாட்டோடு அனுமதி உண்டு. சத்து அதிகமா, புதிதாகப் பறித்ததா, சர்க்கரை குறைவா என்பதெல்லாம் அதன் பேச்சிலேயே இல்லை.

சத்து அதிகமா என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. 2012-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் 200-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, சத்தில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றார்கள். 2014-ல் பிரிட்டனிலிருந்து வந்த இன்னொரு பெரிய தொகுப்பு, ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள் அதிகம், காட்மியம் குறைவு என்றது. இரண்டும் ஒத்துப்போகிற இடம், ஆர்கானிக் விளைச்சலில் பூச்சிமருந்து எச்சம் குறைவு என்பதுதான். நீங்கள் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்கு உறுதியாகக் கிடைப்பது அது. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று: முகத்தில் துண்டு மட்டும் கட்டிக்கொண்டு முதுகில் விசைத்தெளிப்பானோடு வரப்பில் நடப்பவர் உள்ளிழுக்கும் அளவோடு ஒப்பிட்டால், நம் தட்டுக்கு வருவது தூசி. ஆர்கானிக் வாங்குவதால் முதலில் தப்பிப்பவர் அவர். அதற்காகக் கூடுதல் விலை கொடுத்தால் அது நல்ல காரணம். உங்கள் வீட்டு மருந்துச் செலவு குறையும் என்று எண்ணிக் கொடுத்தால் ஏமாற்றம்தான்.

தட்டில் என்ன ஆனது

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது பணக் கணக்கு இல்லை, அந்த 'வாரம் மூன்று கிலோ'. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்குக் கீரையும் சேர்த்து 400 கிராம் காய்கறி, 100 கிராம் பழம் என்று இருக்கிறது. உங்கள் வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர். நாளைக்கு 1,200 கிராம், வாரத்துக்கு எட்டரைக் கிலோவுக்குப் பக்கம். நீங்கள் வாங்குவது மூன்று. ஆளுக்கு நாளைக்கு 140 கிராம்தான் வருகிறது, அதிலும் தோல், காம்பு போக மீதி. பால் கொடுக்கும் தாய் ஒருவர், சர்க்கரை நோயாளி ஒருவர் இருக்கும் வீட்டில் காய்கறி மூன்றில் ஒரு பங்கு ஆகிவிட்டது. குறைந்த இடத்தைச் சோறுதான் நிரப்பியிருக்கும். கணவரின் அந்த 8-க்கு நாட்டுச் சர்க்கரை ஒரு பாதி காரணம் என்றால் இது இன்னொரு பாதி.

பூச்சிமருந்து எச்சத்தால் வரக்கூடிய பாதிப்பு, காய்கறியே சாப்பிடாததால் வரும் பாதிப்பு, இரண்டையும் தராசில் வைத்தால் எந்த உணவியலாளரும் ஒரே பக்கத்தைத்தான் காட்டுவார். சாதாரணக் காயை நன்றாகக் கழுவி நிறையச் சாப்பிடுவது, ஆர்கானிக் காயைக் கொஞ்சமாகச் சாப்பிடுவதைவிட மேல்.

ஊர்க்காயில் மருந்தே இல்லை என்று மாமியார் பக்கம் சாய்ந்து சொல்லவும் மாட்டேன். கொள்ளிடக்கரைத் தோட்டம் என்பதாலேயே அது சுத்தம் ஆகிவிடாது. பூச்சிக்குப் பயந்து அடிக்கடி மருந்தடிக்கும் பயிர்கள் எங்கேயும் அவையேதான்: காலிஃபிளவர், முட்டைக்கோஸ், கத்திரி, வெண்டை, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, திராட்சை. ஆர்கானிக்குக்கு என்று ஒதுக்கும் பணத்தை இவற்றில் போடுங்கள், அதோடு குழந்தைக்குப் போகும் அரிசி, கேழ்வரகு, பருப்பிலும். வாழைப்பழம், வாழைத்தண்டு, வாழைப்பூ, தேங்காய், பூசணி, சுரைக்காய், வெங்காயம், சேனை, கருணை, பப்பாளி ஆகியவற்றுக்கு இரட்டை விலை கொடுப்பது பெரும்பாலும் வீண். தோலை உரிக்கிறோம், சீவுகிறோம், அல்லது அவற்றுக்கு அவ்வளவு மருந்தே தேவைப்படுவதில்லை. வீட்டுக் கொல்லையில் முருங்கை இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதன் கீரையை விட்டுவிட்டுக் கடையில் 'ஆர்கானிக் முருங்கை இலைப்பொடி' வாங்கியதைப் படித்ததும் சிரித்துவிட்டேன், மன்னிக்கவும்.

கழுவுவதைப் பற்றி இரண்டு வார்த்தை. ஓடும் தண்ணீரில் கையால் தேய்த்துக் கழுவுவதுதான் அடிப்படை. கீரையை மூன்று தண்ணீர் மாற்றி அலசுங்கள். திராட்சை, மிளகாய் போன்றவற்றை ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து கால் மணி நேரம் ஊறவைத்து அலசினால் மேலே படிந்தது இன்னும் கொஞ்சம் போகும். சோப்பு, சலவைத்தூள் எதுவும் வேண்டாம். ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடிக்குள்ளேயே போய்விடுபவை. அவற்றைக் கழுவி எடுக்க முடியாது. அவற்றுக்கு ஒரே தடுப்பு, மருந்தடித்தபின் பறிக்காமல் விடவேண்டிய காத்திருப்புக் காலத்தை விவசாயி கடைப்பிடிப்பது. அதை அவரிடமே கேட்க முடிந்தால்தான் தெரியும். பக்கத்து ஊர் விவசாயியிடம் வாங்குவதன் பெரிய அனுகூலமே, கேட்க ஓர் ஆள் இருப்பதுதான்.

கீரைக்கார அம்மாவிடம்

திரும்ப வரச் சொல்லுங்கள். அந்தத் தயக்கத்தை மாமியாரிடம் விட்டுவிடுங்கள், அவர் மகிழ்ச்சியோடு கூப்பிடுவார்.

கீரையில் இருக்கும் வைட்டமின் சி-யும் ஃபோலேட்டும் பறித்த நேரத்திலிருந்தே குறைய ஆரம்பிக்கும். வெயிலில் வாடினால் இன்னும் வேகமாக. விடியலில் அறுத்து எட்டு மணிக்கு உங்கள் வாசலுக்கு வரும் சிறுகீரைக்கும், வேறு மாவட்டத்திலிருந்து வந்து இரண்டு நாள் கடைக் கூடையில் கிடந்த ஆர்கானிக் கீரைக்கும் இடையே சத்தில் இருக்கும் வித்தியாசம், முத்திரையால் வருவதைவிடப் பெரிதாகவே இருக்கும். பழத்திலும் அப்படி. குளிர்பதனக் கிடங்கில் பல மாதம் இருந்து வரும் ஆப்பிளில் 100 கிராமுக்கு 5 மில்லிகிராம் வைட்டமின் சி இருந்தால் அதிகம். கொய்யாவில் சுமார் 200. இரண்டு மாதமாக நீங்கள் வாங்கிய பழம் ஆர்கானிக் ஆப்பிள் மட்டும்தான்! வாழை விளையும் தொட்டியமும் முசிறியும் கூப்பிடு தூரத்தில் இருக்க, பூவன் சீப்பு வாங்காமல் இருந்திருக்கிறீர்கள். குழந்தைக்கு மசித்துக் கொடுக்க அதைவிட எளிய பழம் ஏது?

அந்த அம்மாவிடம் 'இது ஆர்கானிக்கா' என்று கேட்காதீர்கள். அவர் 'ஆமா' என்றுதான் சொல்வார், நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்வேன். 'எந்தத் தோட்டத்துக் கீரை? எப்போது அறுத்தது? மருந்து கடைசியாக எப்போது அடித்தார்கள்? எந்தத் தண்ணீர் பாய்கிறது?' என்று கேளுங்கள். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் வளர்ந்த கீரை, மருந்தே அடிக்காவிட்டாலும் வேண்டாம். இலையில் அங்கங்கே ஓட்டை இருந்தால் நல்லது என்பார்கள். பூச்சி தின்ற பிறகும் மருந்து அடித்திருக்கலாம், அதனால் அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஒரு மாதம் தொடர்ந்து பேசினால் அவரே, "இன்னைக்கு அரைக்கீரை வேணாம்மா, முந்தாநேத்துதான் மருந்தடிச்சாங்க" என்று சொல்லும் நிலைக்கு வந்துவிடும். எங்கள் தெருவில் எனக்குக் கீரை கொடுப்பவரிடம் அந்த இடத்துக்கு வர எனக்கு எட்டு மாதம் ஆனது.

ஞாயிறு காலையில் உழவர் சந்தைக்கும் ஒரு நடை போய்வாருங்கள். 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் தொடங்கிய திட்டம் அது. இடைத்தரகர் இல்லாமல், அடையாள அட்டை பெற்ற விவசாயிகளே விற்பது. உங்கள் ஊரில் தென்னூரில் இருக்கிறது. அட்டை வைத்திருப்பவர் விவசாயி என்பதற்குத்தான் அது சான்று, ஆர்கானிக் என்பதற்கு இல்லை. ஆனால் விலை பலகையில் எழுதியிருக்கும், காய் அன்று பறித்தது, விளைவித்தவரே எதிரில் உட்கார்ந்திருப்பார்.

சட்டத்திலும் அவருக்கு இடம் இருக்கிறது. தன் விளைச்சலைத் தானே நேராக நுகர்வோருக்கு விற்கும் சிறு விவசாயி சான்று இல்லாமலே இயற்கை விளைச்சல் என்று சொல்லி விற்கலாம். ஜைவிக் பாரத் முத்திரையைத்தான் போடக் கூடாது. சான்று இல்லை என்பதாலேயே அவர் பொய் சொல்கிறார் என்று எண்ண வேண்டாம். ஒருநாள் தோட்டத்துக்கு வருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். வரவேற்கிறாரா, வழுக்குகிறாரா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சத்துமாவுப் பணம்

சிறு விவசாயிக்கு என்று சொன்னேனே, அந்த விலக்கு பறித்தபடி விற்கும் விளைச்சலுக்குத்தான். வறுத்து, அரைத்து, பாக்கெட் போட்ட சத்துமாவு பதப்படுத்திய உணவு, விலக்குக்குள் வராது. ஆர்கானிக் என்று எழுதினால் சான்று வேண்டும், வீட்டிலிருந்து செய்தாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவும் வேண்டும். உங்கள் பாக்கெட்டில் இரண்டும் இல்லை. தயாரித்த தேதிகூட இல்லை.

பணத்தைவிட முக்கியம், அந்த மாவைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள். 'வறுத்துவிட்டால் சரியாகிவிடும்' என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். நிலக்கடலை, சோளம் போன்றவை ஈரத்தில் இருந்தால் வரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். அது கல்லீரலைக் கெடுப்பது, வீட்டு அடுப்புச் சூட்டில் முழுதாக அழியாதது. பூச்சிமருந்து இல்லாத தானியத்திலும் அது வரும். பிரிசர்வேட்டிவ் இல்லாததால் வாடை என்பது சமாளிப்பு. நன்றாகக் காயவைத்து அரைத்த மாவுக்கு அது தேவையே இல்லை. பாக்கெட்டை வீசிவிடாமல் அப்படியே கட்டி, தனியாக எடுத்து வையுங்கள்.

முதலில் விற்றவருக்கு எழுத்தில் ஒரு செய்தி: என்ன வாங்கினீர்கள், என்ன குறை, எத்தனை நாளில் பணம் வேண்டும். பணம் கட்டிய திரைப்பிடிப்பையும் அவருடைய விளம்பரச் செய்தியையும் சேமித்துக்கொள்ளுங்கள். 'ஆர்கானிக்' என்று அவரே எழுதியது அதில்தானே இருக்கிறது. பதில் வரவில்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், பல பேர் அந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடுவார்கள். பணம் ஒருபுறம் இருக்க, உணவின் தரம் பற்றி மாவட்ட உணவுப் பாதுகாப்புத் துறையின் நியமன அலுவலரிடம் எழுதிக் கொடுக்கலாம். வாங்கியவரே கட்டணம் கட்டி உணவைப் பகுப்பாய்வு செய்துகொள்ள 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-ஆம் பிரிவு இடம் தருகிறது. தவறான பெயரிட்டு விற்றால் 3 லட்சம் ரூபாய் வரையிலும், பொய் விளம்பரத்துக்கு 10 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். 450 ரூபாய் பாக்கெட்டுக்கு நுகர்வோர் ஆணையம் வரை போவதா என்பது உங்கள் நேரத்தைப் பொறுத்தது. நான் போகச் சொல்ல மாட்டேன். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஒரு கடிதம் போடச் சொல்வேன், ஏனென்றால் அந்தக் குழுவில் இன்னும் எத்தனை கைக்குழந்தைக்காரர்கள் இருக்கிறார்களோ.

இனி சத்துமாவை வீட்டிலேயே செய்யுங்கள். கேழ்வரகை முளைகட்டி, நன்றாகக் காயவைத்து, பாசிப்பருப்போடு வறுத்து அரைத்தால் போதும். பதினாறு தானியம் தேவையில்லை. ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்துக்கொள்ளுங்கள். அதோடு மசித்த வாழைப்பழம், பருப்புத் தண்ணீர் இல்லாமல் பருப்பே சேர்த்த குழைந்த சோறு, வெந்த முட்டை, கொல்லை முருங்கைக்கீரை. ஒன்பது மாதக் குழந்தைக்கு இரும்புச் சத்து இப்படித்தான் போய்ச் சேரும்.

வாங்கி வைத்திருக்கும் அரைக்கிலோ மலைத்தேனை என்ன செய்வது என்று அடுத்துக் கேட்பீர்கள். 900 ரூபாய்ப் பொருள், கொட்ட வேண்டாம். மாமியாருக்குச் சர்க்கரை இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள்; அவருடைய இஞ்சிச் சாற்றுக்குக் கொடுத்துவிடுங்கள். பாட்டிலைக் குழந்தைக்கும் கணவருக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள்.